குச்சி காட்டாத இரண்டு பக்கம்

திருமலை கடல் பிடிக்காமல் கரைக்கு வந்தவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் திருவொற்றியூர் குப்பத்திலிருந்து நாலு பேர் கிளம்பி வந்து, சொல்கிறவன் சட்டையைப் பிடிப்பார்கள். காசிமேட்டிலிருந்து போகும் ரெஜியின் விசைப்படகில் அவன்தான் எஞ்சின் டிரைவர். எஞ்சின் இருமினால் என்ன கோளாறு, முனகினால் என்ன கோளாறு என்று தூக்கத்திலேயே சொல்லிவிடுவான். மேல்தட்டில் ஆட்கள் வலையை இழுத்துக் கத்திக்கொண்டிருக்க, இவன் கீழே டீசல் வாடையில் உட்கார்ந்து, கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு பரம திருப்தியாக இருப்பான். அப்படி ஒரு ஜென்மம்.

அவனுக்குக் குறை ஒன்றே ஒன்றுதான். வீட்டில் சாப்பிட முடியவில்லை.

சிரிக்க வேண்டாம். படகு போனால் திரும்பிவரப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். வந்ததும் மீனை இறக்கி, ஐஸ் ஏற்றி, டீசல் ஊற்றி மறுபடி கிளம்பிவிடும். நடுவில் கிடைக்கிற நேரத்தில் பாதி தூக்கத்தில் போய்விடும். வினிதாவைக் கட்டிக்கொண்டு மூன்று வருடம் ஆகிறது. காதல் கல்யாணம். அது எப்படி நடந்தது என்று கேட்டால் இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்வார்கள், அதை விட்டுவிடலாம். இந்த மூன்று வருடத்தில் அவளோடு உட்கார்ந்து ராத்திரி சோறு சாப்பிட்ட நாட்கள் கொஞ்சம்தான்.

குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதற்கு யாரும் பெயர் வைத்ததில்லை, ஆனால் எல்லா வீட்டிலும் நடக்கும். படகு கடலுக்குப் போன அன்று மாலை உலையில் போடுகிற அரிசி குறையும். மூன்று ஆழாக்கு போடும் வீட்டில் இரண்டு, ஐந்து போடும் வீட்டில் மூன்று. வினிதா மாத்தூரில் வளர்ந்தவள், அப்பா மணலியில் கம்பெனி வேலை பார்த்தவர். அவளுக்கு இதெல்லாம் தெரியாது. கல்யாணமான புதிதில், திருமலை கிளம்பிப் போன அன்று, வழக்கம்போல மூன்று ஆழாக்கு அளந்தாள். மாமியார் கன்னியம்மா வந்து அவள் கையிலிருந்த கடைசி ஆழாக்கை வாங்கி அரிசி டப்பாவிலேயே கொட்டினாள்.

"அவன்தான் போய்ட்டான்ல. யாருக்குப் போட்டுக்கினு கீற?"

கன்னியம்மா அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், அவள் சாதாரணமாகப் பேசினாலே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். ஆனாலும் அன்று வினிதா சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதாள். அதற்குப் பிறகு அழவில்லை, பழகிவிட்டது. படகு போகிற அன்று அவள் கை தானாகவே இரண்டோடு நின்றுவிடும். அப்படிப் பழகிப்போனதைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

திலீப் வந்து சொன்ன சேதி அதனால்தான் இந்த வீட்டில் பெரிய சேதியானது. திலீப் திருமலையின் தோஸ்து, காட்டுப்பள்ளியில் லாஞ்சில் வேலை செய்கிறான். துறைமுகத்துக்குள் வரும் கப்பலுக்கு வழிகாட்டுகிற பைலட்டைக் கொண்டுபோய் விடுகிற சின்னப் படகுக்குத்தான் லாஞ்ச் என்று பெயர்.

"மச்சான், எங்க லாஞ்சுக்கு எஞ்சின் டிரைவர் எடுக்கப் போறானுங்க. காத்தால போனா சாய்ங்காலம் வூடு. மாசத்துல கொஞ்சம் நைட்டு ஷிப்டு வரும், அவ்ளோதான். உன்ன மாதிரி கில்லாடி எவன் கீறான்? சர்ட்டிபிகேட்டு மட்டும் வாங்கிட்டு வா."

சான்றிதழுக்கு ஒரு பரீட்சை எழுத வேண்டும், நேரில் கேட்கிற கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். எஞ்சின் பற்றிய கேள்விகளும் பாதுகாப்பு பற்றிய கேள்விகளும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூன்றாவது தாள் அடிப்படை இயற்பியல். அழுத்தம், பரப்பு, கொள்ளளவு என்று கணக்குகள் வரும். அதில் திருமலை இரண்டு தடவை குப்புற விழுந்தான். இரண்டு தடவையும் ஒரே இடத்தில்தான் விழுந்தான்: சதுர சென்டிமீட்டரைச் சதுர மீட்டராக மாற்று, கன மீட்டரை லிட்டராக மாற்று என்று வருகிற இடத்தில்.

மூன்றாவது பரீட்சை மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயத்தில் வந்தது. லாஞ்ச் வேலை அதுவரைதான் காலியாக இருக்கும், அதற்கு மேல் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று திலீப் சொல்லிவிட்டான். படகு முதலாளி ரெஜியும் விட்டுவைக்கவில்லை.

"தட முடிஞ்சி போட்டு கெளம்பறப்ப எனக்கு டிரைவர் வோணும் திருமலை. வரியா இல்லியான்னு இப்பவே சொல்லிடு."

"பரீட்ச எழுதிட்டு சொல்றேண்ணே."

"மூணாவது தபாவா?" ரெஜி தலையைச் சொறிந்தார். நல்ல மனுஷன், மறுப்புச் சொல்ல வராது அவருக்கு. "சரி, ஐஸ் ஏத்தற வரிக்கும் உனுக்காவ நிக்கறேன். அப்பால வேற ஆளப் பாத்துடுவேன். கோச்சிக்காத."

ஆக, பாஸ் ஆனால் சாயங்காலம் வீடு. ஃபெயில் ஆனால் பழையபடி கடல். அதில் ஒன்றும் கேவலம் இல்லை, ஆனால் வினிதாவுக்குப் பழையபடி இரண்டு ஆழாக்கு.

வினிதாவே வாத்தியார் ஆனாள். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். மாத்தூரை ஒட்டி ஒரு கண்டெய்னர் கிடங்கில் வேலை. ஏற்றுமதிக்கு வரும் பெட்டிகளை நீளம், அகலம், உயரம் அளந்து, எத்தனை கன மீட்டர் என்று போட்டுக் கொடுப்பாள். நாள் முழுக்க அதைச் செய்துவிட்டு, பஸ்ஸில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வந்து, வீட்டிலும் அதையே ஆரம்பிப்பாள். திருமலை சமர்த்தாகக் குளித்து, தலை வாரி, கட்டிலின் ஓரத்தில் குந்தியிருப்பான்.

"பிஸ்டனோட பரப்பு இருநூறு சதுர சென்டிமீட்டர். சதுர மீட்டர்ல சொல்லு மாமா."

"ரெண்டு."

"எப்டி?"

"ஒரு மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர். இருநூற நூறால வகுத்தா ரெண்டு. கரீக்டா?"

வினிதா அவன் உட்கார்ந்திருந்த கட்டிலைத் தட்டிக் காட்டினாள். "ரெண்டு சதுர மீட்டர்னா இன்னான்னு தெரியுமா? இந்தக் கட்டில் அளவு. கட்டில் அளவுக்கு ஒரு பிஸ்டன வெச்சிக்கினு எந்த போட்டுல போவ?"

வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த கன்னியம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "கட்டிலயே எத்துக்கினு போயிடுவான்மே, படுக்க வசதி" என்றாள்.

வினிதா வழி சொல்லிக்கொடுத்தாள். சதுரம் என்றால் நூறை நூறால் பெருக்கு, பத்தாயிரம். கனம் என்றால் இன்னொரு நூறு, பத்து லட்சம். திருமலை அதைப் பிடித்துக்கொண்டான். சதுரம் பத்தாயிரம், கனம் பத்து லட்சம் என்று பல் விளக்கும்போதும் சொன்னான், தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போதும் சொன்னான். தெருவே அதைக் கற்றுக்கொண்டது. ஒரு வாரம் எல்லாம் ஷோக்காகத்தான் போனது.

பிறகு வினிதா மில்லிமீட்டரை எடுத்தாள். அதோடு குட்டு உடைந்தது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று கேட்டால், யோசிக்காமல் "பத்தாயிரம்" என்றான். நூறுதான் சரி. இல்லை என்றதும் "பத்து லட்சம்" என்றான். அதுவும் இல்லை என்றதும் முகம் தொங்கிவிட்டது. எண்ணைத்தான் மனப்பாடம் செய்திருந்தான், அது எங்கிருந்து வந்தது என்பது மண்டையில் இறங்கவே இல்லை. வினிதாவுக்குப் பகல் முழுக்க வெயிலில் பெட்டி அளந்த களைப்பு. பரீட்சை வேறு நெருங்கிவிட்டது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"உனக்கு இது ஏறவே ஏறாது மாமா. வுட்டுடு. நீ கடலுக்கே போ."

அந்த வார்த்தை வந்திருக்கக் கூடாது. சொன்ன மறுகணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. திருமலை எழுந்து போகவில்லை, அவன் கோபக்காரன் இல்லை.

"நான் இன்னா அவ்ளோ முட்டாளா? போட்டு டேங்குல ஒரு குச்சிய வுட்டன்னா எத்தினி பேரல் டீசல் கீதுன்னு அப்டியே சொல்லுவேன். ஒரு தபா தப்பு வந்ததில்ல. இதுக்கு எதுக்கு எனக்குச் சதுரம், கனம்?"

வினிதா சமாதானமாகப் பேச வாயெடுத்தவள், நிறுத்தினாள். "இன்னா குச்சி?"

கட்டிலுக்கு அடியிலிருந்து அதை எடுத்துக் காட்டினான். தடைக்காலத்தில் படகைக் கரையேற்றும்போது பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். ஆள் உயரத்துக்கு மூங்கில், பக்கவாட்டில் கத்தியால் போட்ட வெட்டுகள். ஒரு வெட்டு நனைந்தால் ஒரு பேரல், இரண்டு நனைந்தால் இரண்டு. காசிமேட்டில் எல்லாப் படகிலும் இப்படி ஒரு குச்சி இருக்கும். டேங்குக்குள் விடுவார்கள், எடுத்துப் பார்ப்பார்கள், சொல்வார்கள். பதினேழு வயதிலிருந்து திருமலை கொள்ளளவு பார்த்தது இந்தக் குச்சியில்தான்.

வினிதா குச்சியை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"இன்னாமே ஆச்சு?" என்று கன்னியம்மா பதறினாள்.

"அத்த, உங்க புள்ள மேல தப்பில்ல. இந்தக் குச்சி மேலதான் தப்பு." அவள் திருமலையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, உங்க டேங்கு பெட்டி மாதிரிதான கீது? மேலயும் கீழயும் ஒரே அகலம், ஒரே நீளம்?"

"ஆமா."

"அதான். அந்த ரெண்டு பக்கமும் மாறவே மாறாது, அதனால நீ அத பாக்கவே இல்ல. உயரத்த மட்டும் பாத்துக்கினே இத்தினி வருஷம் ஓட்டிட்ட. மீட்டர்னு சொன்னா உன் கண்ணு ஒரு குச்சியத்தான் பாக்குது. அதான் மொதல்ல எதக் கேட்டாலும் நூறுன்ன, அப்பால மனப்பாடம் பண்ணத ஒப்பிச்ச."

திருமலைக்கு அரைகுறையாகப் புரிந்தது, முழுசாகப் புரியவில்லை. வினிதா அவனுக்காகக் காத்திருக்கவில்லை. அடுப்படிக்குப் போய் ஒரு தட்டைத் தூக்கிவந்தாள். ஆபீசில் ஒரு பெண்ணின் வளைகாப்புக்கு எடுத்துப்போக அன்றைக்குத்தான் தேங்காய் பர்பி கிளறிக் கொட்டியிருந்தாள், இன்னும் வெட்டவில்லை. கத்தியை அவன் கையில் கொடுத்தாள்.

"இந்தப் பக்கத்தப் பத்தா பிரி."

அவன் ஒரு பக்கமாகக் கோடு போட்டான். எஞ்சினுக்குக் கேஸ்கெட் தாள் வெட்டுகிற கை, கோடு நூல் பிடித்த மாதிரி விழுந்தது.

"எத்தினி துண்டு?"

"பத்து."

"சரி, ஒண்ணு எடுத்து எனக்குக் குடு."

எடுத்தான். நீளமான பர்பிப் பட்டை பாதியில் ஒடிந்து அவன் மடியில் விழுந்தது. "இது துண்டா? யாருனா இப்டி பர்பி குடுப்பாங்களா?" என்றாள் வினிதா.

"இன்னும் குறுக்கால வெட்டணும்."

"வெட்டு."

குறுக்கே வெட்டினான். பத்துக்குப் பத்தாகத் தட்டு முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள் எழுந்தன. அவன் கத்தியைக் கீழே வைக்கவில்லை. கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நூறு" என்றான். "பத்துப் பத்தா ரெண்டு தபா வெட்டினா நூறு. அப்ப சென்டிமீட்டர மில்லிமீட்டரா வெட்டினா, பத்து, குறுக்கால பத்து. நூறு. மீட்டர சென்டிமீட்டரா வெட்டினா நூறு, குறுக்கால நூறு. அதான் பத்தாயிரம்."

"கனத்துக்கு?"

"கத்திய படுக்க வெச்சி பர்பிய அடுக்கடுக்கா அறுக்கணும். மூணாவது வெட்டு." அவன் நிமிர்ந்தான். "அட இன்னாடா இது. நான் இத்தினி நாள் ஒரு வெட்டோட எழுந்து வந்துட்டேன்."

வினிதாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நான் சொன்னத மனசுல வெச்சிக்காத மாமா" என்றாள். "எத?" என்றான் அவன். நிஜமாகவே மறந்துவிட்டிருந்தான்.

கன்னியம்மா கூடையை வைத்துவிட்டு வந்து தட்டை எட்டிப் பார்த்தாள். தாயக்கட்டை அளவுக்கு நூறு பர்பி. "இன்னாமே இது? வளைகாப்பு மன்சங்களுக்கா எறும்புக்கா?" என்றாள். வினிதா அதையே டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். ஆபீசில் ஆளுக்கு ஐந்தாறு அள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து திருமலை மனப்பாடத்தை விட்டான். ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தில் கோடு கிழித்தான். நீளம் என்றால் ஒரு கோடு, பரப்பு என்றால் இரண்டு, கொள்ளளவு என்றால் மூன்று. எத்தனை கோடோ அத்தனை வெட்டு. தப்பு வராமல் இல்லை. பெருக்க வேண்டிய இடத்தில் வகுப்பான், தசமப் புள்ளியை இடம் மாற்றி வைப்பான். ஆனால் இப்போது தப்பு அவன் கண்ணுக்கே தெரிந்தது. "கட்டில் அளவு பிஸ்டன் வந்துட்ச்சி" என்று அவனே அடித்துவிட்டு மறுபடி போடுவான்.

பரீட்சை ராயபுரம் பக்கம் ஒரு அலுவலகத்தில் நடந்தது. வினிதா லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். கன்னியம்மா மார்க்கெட்டுக்குப் போகிற அவசரத்திலும் அம்மன் கோயில் குங்குமத்தை மகன் நெற்றியில் அப்பி அனுப்பினாள். அவன் உள்ளே போக, வினிதா எதிர் டீக்கடையின் பெஞ்சில் உட்கார்ந்தாள். கடைக்காரர் இரண்டு தடவை டீ கொடுத்துவிட்டு, மூன்றாவது தடவை எதுவும் கேட்காமல் விட்டுவிட்டார்.

எழுத்துத் தேர்வில் டேங்க் கணக்கு வந்தது. நீளம் ஒன்றரை மீட்டர், அகலம் எண்பது சென்டிமீட்டர், உயரம் அறுபது. எத்தனை லிட்டர்? மீட்டரையும் சென்டிமீட்டரையும் கலந்து கொடுத்திருந்த கேள்வி அது, ஆளைக் கவிழ்ப்பதற்கென்றே வைத்தது. திருமலை மூன்று கோடு கிழித்தான். எல்லாவற்றையும் சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்து பெருக்கினான், ஆயிரத்தால் வகுத்தான். எழுநூற்று இருபது லிட்டர். எழுதிவிட்டு பேரலுக்கு இருநூறு லிட்டர் என்று மனதுக்குள் மாற்றிப் பார்த்தான். மூன்றரை பேரலுக்குச் சொச்சம். அந்த அளவு டேங்குக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போனான்.

மத்தியானம் நேரில் கேள்வி. கேட்டவர் ரமாபாய் என்கிற அதிகாரி, கப்பல் எஞ்சினில் ஊறியவர். எண்ணெய் வடிகட்டி, குளிர்நீர்க் குழாய் என்று வரிசையாகக் கேட்டார். திருமலை கடகடவென்று சொன்னான். கடைசியாக அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார்.

"லாஞ்ச் கிளம்புறதுக்கு முன்னாடி டேங்க்ல குச்சி விட்டுப் பார்க்கறீங்க. சரியா பாதி உயரம் வரைக்கும் டீசல் இருக்கு. டேங்க்ல எவ்வளவு டீசல் இருக்கு?"

பாதி. தொண்டை வரை வந்துவிட்டது. பதினேழு வயதிலிருந்து சொல்லி வருகிற பதில், நாக்கு அதற்குத் தயாராக நின்றது. திருமலை வாயைத் திறந்தான், மூடினான். மடியில் ஒடிந்து விழுந்த பர்பிப் பட்டை நினைவுக்கு வந்தது.

"டேங்கு இன்னா ஷேப்புங்க மேடம்?"

ரமாபாய் நிமிர்ந்து பார்த்தார். "எதுக்குக் கேக்கறீங்க?"

"குச்சி உயரத்த மட்டும்தான் சொல்லுது மேடம். மத்த ரெண்டு பக்கம் கீழ வரிக்கும் அப்டியே வருதா, குறுகுதான்னு தெரியாம சொல்ல முடியாது."

ரமாபாய் ஒரு தாளை இழுத்து டேங்கை வரைந்தார். படகின் அடிப்பக்கத்தோடு ஒட்டிக் கீழே போகப் போகக் குறுகியது அது.

"அப்ப பாதி இல்ல மேடம், பாதிக்குக் கம்மி. பாதின்னு நம்பிக்கினு போனா நடுவுல நின்னுடும்."

"எவ்வளவு கம்மி?"

"அகலத்த அளக்காம சொல்ல மாட்டேன்."

அவர் சிரித்தார். "போன தடவையும் நீங்கதான வந்தீங்க? இதே கேள்விதான் கேட்டேன். பாதின்னு சொன்னீங்க."

"ஆமா மேடம்."

"நீங்க மட்டும் இல்ல. மீன் போட்டுல இருந்து வர்றவங்க முக்காவாசிப் பேரு அதான் சொல்றாங்க. வெளிய உக்காருங்க, கூப்பிடுவாங்க."

கூப்பிட்டார்கள். திருமலை டீக்கடைக்கு வந்தபோது முகத்தில் ஒன்றுமே இல்லை. வினிதா எழுந்து நின்றாள். அவன் அவளைப் பார்க்காமல் கடைக்காரரிடம், "அண்ணே, ஒரு டீ, சக்கர தூக்கலா" என்றான்.

"சொல்லித் தொல மாமா" என்றாள் வினிதா.

"மூணு வெட்டும் போட்டுட்டேன்" என்றான் அவன். அதற்கு மேல் அவனாலும் விளையாட முடியவில்லை. வினிதா அங்கேயே, லாரிகள் போகிற ரோட்டைப் பார்த்தபடி, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கடைக்காரர் எந்த டீக்கும் காசு வாங்கவில்லை.

ரெஜியிடம் போய்ச் சொல்வதுதான் திருமலைக்குக் கஷ்டமாக இருந்தது. குச்சியையும் எடுத்துக்கொண்டு போனான். ஐஸ் இன்னும் ஏற்றவில்லை, ரெஜி சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்.

"புது டிரைவராண்ட இத குடுத்துடுங்கண்ணே. ஆனா இது நம்ம டேங்குக்கு மட்டும்தான்னு சொல்லிடுங்க. வேற போட்டுல வுட்டுப் பாத்து ஏமாந்துடப் போறாரு."

"அதெல்லாம் சொல்லிக்கறேன். நீ ஷோக்கா போய் வா" என்றார் ரெஜி. குச்சியைக் கையில் வாங்கிக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி மூக்கை உறிஞ்சினார்.

லாஞ்சில் சேர்ந்த முதல் வாரத்திலேயே தடை முடிந்தது. விடிந்தும் விடியாததுமாகக் காசிமேட்டுப் படகுகள் வெளியேறின. அதில் சில வடக்கே திரும்பின. காட்டுப்பள்ளிக்கு வெளியே கப்பலுக்காக நின்றிருந்த லாஞ்சிலிருந்து திருமலை பார்த்தான். தூரத்தில் ரெஜியின் படகு போனது. எஞ்சின் சத்தம் லேசாகக் கரகரத்த மாதிரி இருந்தது, புது டிரைவர் கவனிக்க வேண்டுமே என்று கவலைப்பட்டான். மனசு கொஞ்சம் பிசைந்தது, இல்லை என்று சொன்னால் பொய். துண்டை எடுத்து வீசினான். படகிலிருந்து ஹாரன் அடித்தார்கள். பைலட்டைக் கப்பலில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது எல்லாம் சரியாகிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். கன்னியம்மா மார்க்கெட்டிலிருந்து முன்பே வந்திருந்தாள். மூவரும் உட்கார்ந்தார்கள். வஞ்சிரக் குழம்பு, வறுத்த நெத்திலி. வினிதா அத்தைக்குப் போட்டாள், அவனுக்குப் போட்டாள், தனக்குப் போடப் பானைக்குள் கரண்டியை விட்டாள். கரண்டி அடியில் உரசியது.

அவள் பானைக்குள் பார்த்தாள். இரண்டு ஆழாக்குதான் போட்டிருக்கிறாள். படகு போன நாள். காலையிலிருந்து குப்பத்தில் எல்லா வீட்டிலும் அந்தப் பேச்சுத்தான். சாயங்காலம் அரிசி அளக்கும்போது அவள் கை, யாரையும் கேட்காமல், இரண்டோடு நின்றுவிட்டிருக்கிறது.

"நீ இருக்கறத மறந்துட்டேன் மாமா" என்றாள். சொல்லும்போதே முகம் உடைந்துவிட்டது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

திருமலை சாப்பிடாமல் கையை எடுத்தான். "இன்னா டீச்சர்" என்றான், "ஒரு வெட்ட வுட்டுட்டியே."

கன்னியம்மா எழுந்து போய் அரிசி டப்பாவைத் திறந்தாள். ஆழாக்கில் அளந்து, தலைதட்டாமல் கோபுரமாகவே கொண்டுவந்து மருமகள் கையில் கொடுத்தாள்.

"போடுமே. இனிமே மூணு" என்றாள்.

வினிதா அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தாள். போட்ட சோற்றில் யாரும் கை வைக்கவில்லை. உலை கொதிக்கும் வரை மூன்று பேரும் தட்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு, புது டிரைவரின் எஞ்சின் கரகரத்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அவசரம் இல்லை.